எக்சு.எம்.எல். வலைப்பணிகள்: நடைமுறைக்கு உகந்த வழி எது?

(கணினி பயிலும் மாணவரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் ஒருவனுக்குக் கணினி அரங்கில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது முறையே. ஆனால், இரு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு மாந்தர் வகுத்த ஒரு மொழியைப் பற்றியே நான் இன்று பேச வந்துள்ளேன். மொழி என்று வந்துவிட்டால், அதற்கு எழுத்துண்டு, சொல்லுண்டு, தொடருண்டு, வழுவுண்டு, வழாநிலையுண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டுதலே என் தொழில். ஆகலின், என் தொழிலின் எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன் என்க.

'வலைச்சேவை' என்று பலரும் வழங்குவதையே நான் 'வலைப்பணி' என்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணினி இன்னொரு நிறுவனத்தின் கணினியிடம் இணையத்தின் வழியே ஒன்றைக் கேட்கிறது. அது விடை தருகிறது. நடுவில் மாந்தர் எவரும் இலர். இதுவே வலைப்பணி. கேள்வியும் விடையும் எக்சு.எம்.எல். என்னும் குறிமொழியில் அமையின், அஃது எக்சு.எம்.எல். வலைப்பணி. இத்தகைய பணியோடு நம் நிரலை இணைக்குங்கால் எவ்வழியைத் தேர்வது, எதைக் கருவியிடம் விடுவது, எதை நாமே செய்வது என்பவையே இன்றைய பொருள்.

"எக்சு.எம்.எல். பழையதாயிற்றே; இக்காலத்தில் யாவரும் சேசன் அன்றோ எழுதுகின்றனர்?" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மை. புதிதாக எழும் பணிகளுட் பல சேசன் வடிவிலேயே எழுகின்றன. ஆயினும், நாடுகளுக்கிடையே வங்கிகள் அனுப்பும் பணச்செய்திகள் ஐ.எசு.ஓ. 20022 என்னும் முறைக்கு மாறின. 2023 மார்ச்சுத் திங்களில் தொடங்கிய இடைக்காலம் 2025 நவம்பரில் முடிந்தது. அம்முறையின் செய்திகள் எக்சு.எம்.எல். வடிவின. நம் நாட்டின் ஆதார் அடையாளச் சரிபார்ப்பும் எக்சு.எம்.எல். செய்திகளாலேயே அமைக்கப்பெற்றது. பழையது என்று நாம் ஒதுக்கியதன்மேல்தான் பணமும் வரியும் மாந்தர் அடையாளமும் நின்றுகொண்டிருக்கின்றன. ஒதுக்க முடியாததைக் கற்பதே அறிவுடைமை.

மொழியின் அமைப்பு

எக்சு.எம்.எல். 1.0 என்பது 1998 பிப்பிரவரி 10-ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. அதன் முதல் நெறி எளியது. திறந்த குறி ஒவ்வொன்றும் மூடப்பெறல் வேண்டும். ஒன்றனுள் ஒன்று அடங்கலாமேயன்றி ஒன்றையொன்று குறுக்கே வெட்டலாகாது. இந்நெறி பிழையாத ஆவணம் அமைப்பால் வழாநிலை உடையது. அதன்மேல், "இவ்வுறுப்பின்கண் இன்னின்ன உறுப்புகளே வரும், இன்ன முறையில் வரும்" என்று கூறும் தனி இலக்கணமும் உண்டு. அதனை அமைப்பு வரையறை எனலாம்; அவ்வரையறைக்கும் அடங்கி நிற்பது இரண்டாம் வழாநிலை.

இவ்விரண்டும் வேறு வேறு என்பதை நெஞ்சில் இருத்துங்கள். "கல் பாடிற்று" என்பதில் எழுவாயும் பயனிலையும் திணையும் எண்ணும் பிழையின்றிப் பொருந்துகின்றன. எனினும் பொருள் பொருந்தவில்லை. அவ்வாறே, குறிகளெல்லாம் ஒழுங்காக மூடப்பெற்ற ஆவணம் உங்களுக்குப் பயன்படும் ஆவணமாக இருந்தே தீரும் என்பதில்லை.

இரண்டு வழிகள்

வலைப்பணிக்குப் பெருவழிகள் இரண்டு தோன்றின. முதலாவது சோப் என்பது. 1998-இல் மைக்குரோசாப்டு நிறுவனத்தாரோடு சேர்ந்து சிலர் வகுக்கத் தொடங்கிய இம்முறையின் 1.1 பதிப்பு 2000 மே திங்களிலும், 1.2 பதிப்பு 2003 சூன் திங்களிலும் வலைக் கூட்டமைப்பின்வழி வெளிவந்தன. இதில் ஒவ்வொரு செய்தியும் ஓர் உறைக்குள் இடப்பெறும். உறையினுள் தலைப்பகுதி இருக்கலாம். உடற்பகுதி இருந்தே ஆகவேண்டும். பணி செய்வோர் தம் பணியின் பெயர்களையும் கேள்வி விடைகளின் அமைப்பையும் டபிள்யூ.எசு.டி.எல். என்னும் உடன்படிக்கை ஆவணத்தில் எழுதி வெளியிடுவர். அதனைக் கருவி படித்து, வேண்டிய நிரலைத் தானே ஆக்கித் தரும்.

இலக்கணம் பயின்றோர்க்கு இங்கே சுவையான செய்தி ஒன்றுண்டு. சோப் என்பது முதலில் ஒரு நீண்ட தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். ஏதுவால் வந்த பெயர். 1.2 பதிப்பில் அவ்விரிவைக் கைவிட்டனர். அன்றுமுதல் அஃது இடுகுறிப் பெயராயிற்று!

இரண்டாவது வழி ரெசுட்டு. 2000-ஆம் ஆண்டு இராய் பீல்டிங்கு என்பார் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அளித்த ஆய்வேட்டில் இதற்குப் பெயரிட்டு விளக்கினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி; அதனைப் பெறுக, இடுக, நீக்குக என்பதற்கு எச்.டி.டி.பி. நெறியிலேயே உள்ள வினைகள். தனி உறை வேண்டா. சுருங்கச் சொன்னால், வலை ஏற்கெனவே பேசும் மொழியிலேயே பேசுவது.

எது வென்றது என்று கேட்பீராயின், ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அமேசான் நிறுவனம் தன் விற்பனைப் பணியை இரு வழியிலும் திறந்துவைத்தது. பயன்பாட்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு எளிய வழியிலேயே நிகழ்ந்ததென 2003-இல் திம் ஓ இரெய்லி எழுதினார். கூகுள் நிறுவனம் 2002-இல் திறந்த சோப் வழித் தேடுபணிக்குப் புதிய இசைவு தருவதை 2006 திசம்பரில் நிறுத்தி, 2009-இல் பணியையே மூடிற்று. முன்னது, எளிய வழியையே பலர் நாடுவர் என்று காட்டுகிறது. பின்னது இன்னும் பெரிய பாடம்: பிறர் தரும் பணி என்றும் நிலைத்திராது. ஆகவே, அதனைத் தொடும் நிரற்பகுதியை ஓரிடத்தே அடக்கி வையுங்கள். மூடினாலும் மாறினாலும் அவ்வோரிடத்தை மட்டும் திருத்தினால் போதும்.

தேர்வுக்கு மூன்று வினாக்கள்

எவ்வழி சிறந்தது என்று பொதுவில் வழக்காடுவது பயனற்றது. மூன்று வினாக்களை முறையே கேளுங்கள்.

முதல் வினா: பணி ஏற்கெனவே உள்ளதா, நாம்தான் ஆக்கப் போகிறோமா? உள்ளதாயின், தேர்வு நம்முடையதன்று. அவர்கள் பேசும் மொழியையே நாம் பேசவேண்டும். உடன்படிக்கை ஆவணம் தந்திருப்பின், கருவியைக்கொண்டு நிரலை ஆக்கிக்கொள்ளுங்கள். கையால் உறை கட்டப் புகுந்தால், பெயர்வெளியில் ஓரெழுத்துப் பிழை உங்கள் ஒரு நாளை விழுங்கிவிடும். ஆனால், கருவி ஆக்கித் தந்த நிரலை உங்கள் நிரலெங்கும் பரவ விடாதீர்கள்.

இரண்டாம் வினா: செய்தி இடைநிலையங்கள் பலவற்றைக் கடந்து செல்லுமா? கடந்த பின்னும் கையொப்பமும் மறைகுறியும் செய்தியோடேயே இருத்தல் வேண்டுமா? ஆம் எனின், சோப் வழியில் அதற்கென வகுத்த பாதுகாப்பு முறைகள் உள. அச்சுமையைச் சுமப்பதில் பொருளுண்டு. இருவர் நேரே பேசுவர், வழியிலுள்ள மறைகாப்பே போதும் எனின், அச்சுமை வீண்.

மூன்றாம் வினா: செய்தி ஆவணமா, சில மதிப்புகளா? உரையும் குறியும் கலந்து வரும் நூற்பகுதி, சட்ட ஆவணம், நீண்ட விலைச்சிட்டை போன்றவற்றுக்கு எக்சு.எம்.எல். பொருந்தும். பெயரும் எண்ணுமாக நான்கு மதிப்புகளே செல்லுமாயின், நீங்கள் புதிதாக ஆக்கும் பணிக்குச் சேசன் போதும். எக்சு.எம்.எல். பற்றிப் பேச வந்தவனே இதனைச் சொல்வது உங்களுக்கு வியப்பாகலாம். பயன்படாத இடத்தில் ஒன்றைப் புகுத்துவது அதற்கே செய்யும் தீங்கு.

ஒரு மெய்யான பணி

எவரும் கட்டணமின்றிப் பார்க்கத்தக்க ஒரு பணியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் உள. ஒரு நாட்டு வணிகர் மற்றொரு நாட்டு வணிகர்க்குச் சரக்கு விற்று அனுப்பும்போது, மதிப்புக்கூட்டு வரி விலக்குப் பெறுவதற்கு வாங்குபவரின் வரிப்பதிவு எண் செல்லுபடியாதல் வேண்டும். 2020 சனவரி முதல் இஃது அடிப்படைத் தகுதியாகவே ஆக்கப்பெற்றது. எண் பொய்யாயின் வரி விற்றவர் தலையில் விழும். இவ்வெண்ணைச் சரிபார்க்க ஒன்றியம் நடத்தும் பணியே வி.ஐ.இ.எசு. என்பது. அதற்குச் சோப் வழியும் உடன்படிக்கை ஆவணமும் உள.

கேள்வி மிகச் சிறியது: நாட்டுக் குறி ஒன்று, எண் ஒன்று. விடையும் சிறியது: செல்லும் அல்லது செல்லாது என்னும் மதிப்பு, கேட்ட நாள், பெயர், முகவரி. இத்துணைச் சிறிய உரையாடலிலும் ஐந்து படுகுழிகள் உள.

ஒன்று: எண் என்று பெயர் பெற்றாலும் அஃது எண்ணன்று; எழுத்துத் தொடர். முன்னே சுழி வரலாம்; இடையே எழுத்தும் வரலாம். எண்ணாக மாற்றினால் முன்சுழி உதிர்ந்துவிடும்.

இரண்டு: நாட்டுக் குறிகள் நீங்கள் அறிந்த பட்டியலின்படியே இரா. கிரேக்க நாட்டுக்கு வழக்கமான 'ஜி.ஆர்.' என்பதற்கு மாறாக 'இ.எல்.' என்றே இங்கு வழங்குவர். பிரித்தானியா பிரிந்தபின், 2021 சனவரி முதல் அந்நாட்டு எண்களை இங்குப் பார்க்கவியலாது. வட அயர்லாந்துக்கு மட்டும் 'எக்சு.ஐ.' என்னும் தனிக்குறி வந்தது.

மூன்று: சில நாடுகள் பெயரையும் முகவரியையும் தாரா, அவ்விடத்தில் மூன்று சிறு கோடுகளே வரும். அதனைப் பெயரென்று எண்ணி விலைச்சிட்டையில் அச்சிட்டால் நகைப்புக்கிடமாகும்.

நான்கு: சோப் 1.1 முறையில் பிழைச்செய்தி வரும்போது எச்.டி.டி.பி. நிலையெண் 500 ஆக வரும். 500 கண்டவுடன் உடற்பகுதியைப் படியாமல் எறிந்துவிடும் நிரல்கள் உள. என்ன பிழை என்னும் விளக்கம் அவ்வுடற்பகுதியில்தான் இருக்கிறது!

ஐந்தாவதே தலையாயது. இப்பணி எல்லா எண்களையும் தானே வைத்திருப்பதன்று. ஒவ்வொரு நாட்டின் பதிவகத்தையும் கேட்டுச் சொல்வது. ஒரு நாட்டின் பதிவகம் அந்நேரம் இயங்காதிருப்பின், "உறுப்பு நாட்டுப் பணி கிடைக்கவில்லை" என்று பிழைச்செய்தி வரும். "எண் செல்லாது" என்பது ஒரு விடை. "கேட்க முடியவில்லை" என்பது விடையே அன்று. இவ்விரண்டையும் ஒரே பொய்ம்மதிப்பாக்கித் தரும் நிரல், நேர்மையான வணிகரைப் பொய்யராக்கிவிடும்.

இங்கே சற்று நிற்போம். இது தொலைவிலுள்ள வணிகரின் சிக்கல் மட்டுமன்று. ஆதார்ச் சரிபார்ப்பின் விடையிலும், ஆம் அல்லது அன்று என்னும் குறி ஒருபுறம், பிழைக்குறி ஒருபுறம் எனத் தனித்தனியே வைத்துள்ளனர். பங்கீட்டுக் கடையில் விரல் வைத்து நிற்கும் முதியவரை எண்ணிப் பாருங்கள். வலை அறுந்தமையால் விடை வரவில்லை. நிரல் எழுதியவர் சோம்பலால் அதனையும் "அன்று" எனக் கொண்டுவிட்டார். "நீ இவன் அல்லன்" என்று திரை சொல்கிறது. அம்முதியவர் யாரிடம் சென்று முறையிடுவார்? உண்டு, இல்லை, தெரியவில்லை என மூன்றும் தனித்தனியே உங்கள் நிரலில் இருத்தல் வேண்டும். இன்று நான் சொல்வனவற்றுள் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பதாயின், இதனை வையுங்கள்.

படிக்கும் முறை

வந்த விடையைப் படிப்பதற்கு முறைகள் மூன்று. முழு ஆவணத்தையும் நினைவகத்தில் மரமாக விரித்துக்கொள்வது ஒன்று, அது டாம். முன்னும் பின்னும் உலவலாம். ஆனால், ஆவணத்தின் அளவைப்போற் பன்மடங்கு நினைவகத்தை அது தின்னும். ஓடும் நீரில் கைவைத்து வேண்டியதைப் பிடிப்பது போல, படிக்கப் படிக்கக் கொள்வது இன்னொன்று; சாக்சு, சிடாக்சு என்பன அவ்வகை. பெரிய ஆவணத்துக்கு அதுவே தக்கது. இன்ன பாதையில் உள்ள உறுப்பைத் தருக என்று கேட்பது மூன்றாவது. அஃது எக்சு-பாத்து, 1999 நவம்பரில் வந்தது. சிறு விடையில் இரண்டு மூன்று மதிப்புகளே வேண்டுமாயின், மரமாக்கி எக்சு-பாத்தால் எடுப்பதே எளிய வழி.

நான்காவது முறை ஒன்றையும் சிலர் கையாள்வர்: ஆவணத்தை வெறும் எழுத்துத் தொடராகக் கொண்டு, குறியின் பெயரைத் தேடி வெட்டி எடுப்பது. அதனைச் செய்யாதீர்கள். எக்சு.எம்.எல்லில் பெயர்வெளி முன்னொட்டு அடையாளமன்று. அம்முன்னொட்டு எந்த முகவரியோடு பிணைக்கப்பட்டதோ அதுவே அடையாளம். பணி நடத்துவோர் தம் மென்பொருளைப் புதுக்கும்போது முன்னொட்டு மாறலாம், பொருள் மாறாது. இலக்கணம் அறிந்து படிக்கும் நிரல் பிழைக்கும். எழுத்தைத் தேடி வெட்டும் நிரல் சாயும். எழுதுங்கால் நெறியும் இதுவே: தொடர்களை ஒட்டி ஒட்டி ஆவணம் ஆக்காதீர்கள், எழுதும் கருவியிடம் விடுங்கள். பெயரொன்றில் 'உம்'மைக் குறி ஒன்று வந்தாலே, ஒட்டியெழுதிய ஆவணம் உடையும்.

காவல்

எக்சு.எம்.எல். ஆவணத்தின் முகப்பில் டி.டி.டி. என்னும் அறிவிப்பைச் சேர்க்கலாம். அதில் ஒரு சுருக்கப் பெயருக்கு ஒரு விரிவைக் கட்டலாம். தீயோர் இதனை எவ்வாறு ஆள்கின்றனர் என்று காணுங்கள். ஒரு சுருக்கத்துள் முந்தைய சுருக்கத்தைப் பத்து முறை வைத்து, இவ்வாறே ஒன்பது படி ஏறினால், ஒரு சொல் நூறு கோடி முறை விரியும். ஒரு கிலோபைட்டு அளவு ஆவணம் கணினியின் நினைவகத்தையே அடைத்துவிடும். இன்னும் கொடியது, கணினியிலுள்ள மறைக்கோப்பு ஒன்றை விரிவாகக் கட்டி, அதன் உள்ளடக்கத்தை வெளியே கறப்பது. 2017-இல் வலைப் பாதுகாப்பு அமைப்பாகிய ஓவாசுப்பு வெளியிட்ட பத்து பெரும் இடர்ப்பட்டியலில் இது நான்காம் இடம் பெற்றது.

தீர்வு எளிது: படிக்கும் கருவியில் டி.டி.டி. அறிவிப்பை ஏற்காதபடி அடைத்துவிடுங்கள். சோப் செய்திகளில் டி.டி.டி. இருத்தலாகாது என்பது சோப் நெறியே. ஆகவே, அடைப்பதால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.

காத்திருப்புக்கும் எல்லை வையுங்கள். பல நிரல்தொகுதிகளில், நாம் குறிப்பிடாவிடின் காத்திருப்புக்கு முடிவே இராது. எல்லை கடந்தால் மீண்டும் கேட்கலாமா? வரி எண்ணைச் சரிபார்ப்பது வெறும் கேள்வி. பத்து முறை கேட்டாலும் தீங்கில்லை. பணம் அனுப்புக என்பது ஏவல். விடை வராமையால் மீண்டும் ஏவினால் இருமுறை பணம் போகலாம். ஆகவே, ஒவ்வோர் ஏவலுக்கும் தனி அடையாளம் இட்டு, மறுமுறை அனுப்பும்போதும் அதே அடையாளத்தையே அனுப்புதல் வேண்டும். அடையாளத்தைக் கண்டு இரண்டாம் முறையை ஒதுக்கும் ஏற்பாடு எதிர்ப்புறத்தில் உண்டா என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

தமிழெழுத்தும் எக்சு.எம்.எல்லும்

எக்சு.எம்.எல். தொடக்கம் முதலே ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டது. உள்ளடக்கம் மட்டுமன்றிக் குறிகளின் பெயர்களும் தமிழில் அமையலாம் என்பதை அதன் நெறியே ஒப்புகிறது. நாமே ஆக்கும் ஆவணத்தில் 'நூல்', 'ஆசிரியர்' என்றே குறியிடலாம். பிறர் பணியோடு பேசுங்கால் அவர் வைத்த பெயரை அவ்வாறே வழங்குதல் கடன்.

தமிழ் மதிப்புகளை அனுப்புவோர் அறியவேண்டிய கணக்கு ஒன்றுண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? தொல்காப்பியம் பயின்றவர் மூன்று என்பர். ஒருங்குறியில் அது தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியெண். யூ.டி.எப்.-8 வடிவில் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டு. ஆக 15 பைட்டு. செய்தியின் நீளத்தைப் பைட்டால் சொல்லவேண்டிய இடத்தில் குறியெண்ணால் சொன்னால், ஆங்கிலத்தில் ஓடிய நிரல் தமிழ் வந்தவுடன் வால் அறுந்து நிற்கும்.

மற்றொன்று: 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. ஒருபுறம் 'கொற்றவை' ஒருவகையாகவும் மறுபுறம் மற்றொரு வகையாகவும் பதிவாகியிருப்பின், தேடும்போது "அப்படி ஒருவர் இல்லை" என்று விடை வரும். ஆகவே, ஒப்பிடுமுன் இரண்டையும் என்.எப்.சி. என்னும் ஒருநிலை வடிவுக்குக் கொணருங்கள். ஆனால், கையொப்பமிட்ட ஆவணத்தில் கைவைக்காதீர்கள். வடிவம் மாறினால் கையொப்பம் செல்லாது. படி எடுத்துக்கொண்டு அதனைத் திருத்துங்கள்.

முடிவாக

இதுவரை சொன்னவற்றைத் தொகுத்து உரைக்கின்றேன். உள்ள பணியாயின் அதன் மொழியில் பேசுக. உடன்படிக்கை இருப்பின் கருவியைக் கொள்க. அதனை ஓரிடத்தே அடக்குக. புதிய பணியாயின் தேவைக்கு மேற்பட்ட சுமையை ஏற்றற்க. சிறியதை மரமாகவும் பெரியதை ஓட்டமாகவும் படிக்க. டி.டி.டி.யை அடைக்க, காத்திருப்புக்கு எல்லை வைக்க. வந்த விடைகளுள் நல்லனவும் பிழையுள்ளனவும் சிலவற்றை அப்படியே சேமித்து, நிரலை மாற்றுந்தோறும் அவற்றால் ஆய்ந்து பார்க்க. சேமிக்குமுன் மாந்தரின் மறைச்செய்திகளை நீக்குக.

இலக்கணம் கற்பது பிழை காணற்கு மட்டுமன்று. சொல்ல வந்தது கேட்பவர்க்குத் திரிபின்றிச் சேரவேண்டும் என்பதற்கே. கணினிகள் பேசும் மொழிக்கும் அதுவே நோக்கம். இரு கணினிகளுக்கிடையே செய்தி திரிந்தால் அவற்றுக்கு நோவில்லை. நோவது இருமருங்கும் நிற்கும் மாந்தர்க்கே. அவர்களை நினைத்து எழுதும் நிரலே நல்ல நிரல்.